இரண்டாம் வரி படிக்காதவர்

அக்கா, கணினித் திரையில் வந்த கடிதத்தின் முதல் வரியை மட்டும் பார்க்கிறார். இரண்டாம் வரி தவறியும் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று, செருப்புப் பெட்டியிலிருந்து வெட்டிய அட்டைத் துண்டு ஒன்றை இடது கையால் திரையோடு ஒட்டிப் பிடித்திருக்கிறார். வலது கை மட்டும் தட்டுகிறது. "முகவரி எழுத மறந்துட்டீங்க. லெட்டர் திரும்பி வருது. மேலே முகவரியைப் போட்டு மறுபடி அனுப்புங்க. நான் படிக்கலை." கடைசி இரண்டு சொற்களையும் ஒவ்வொரு முறையும் புதிதாகத் தட்டுவார். முன்பே எழுதி வைத்ததை எடுத்து ஒட்டினால் அது சத்தியத்தில் சேராதாம்.

காலை ஆறரை மணி. வாசலில் கணவர் பள்ளி வேனின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். "தபால்காரம்மா, இன்னிக்கு எத்தனை பேரு மறந்தாங்க?" என்று அங்கிருந்தே குரல் கொடுக்கிறார். "மூணு. ஒருத்தர் நேத்தும் மறந்தவரு" என்று பதில் போகிறது. இருபது வருடமாக இந்த வீட்டில் பொழுது இப்படித்தான் விடிகிறது.

கடைகளில் இருக்கும் எலக்ட்ரானிக் தராசுகளைப் பழுது பார்ப்பது அவர் தொழில். வயது ஐம்பத்திரண்டு. தோள்பையில் பித்தளை எடைக்கற்கள், ஒவ்வொன்றும் ஒரு பழைய காலுறைக்குள். எதை அவர் கையில் கொடுத்தாலும் எடை சொல்லாமல் வாங்க மாட்டார். நாத்தனாருக்குப் பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போய், குழந்தையை ஏந்திய கையோடு, "மூணு கிலோ நூறு. நர்ஸ் எழுதினது தப்பு" என்று சொல்லிவிட்டார். மறுபடி நிறுத்துப் பார்த்ததில் அவர் சொன்னதே சரி. அதனால்தான் நாத்தனாருக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

தராசுகள் பகலுக்கு. காலையும் மாலையும் போர்டுகளுக்கு. புல்லட்டின் போர்டு என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: ஒருவர் வீட்டுக் கணினிக்கு மற்றவர்கள் தொலைபேசி வழியாக டயல் செய்து நுழைந்து, கடிதம் போட்டுவிட்டுப் போவார்கள். அந்தக் கணினி அடுத்த ஊரில் உள்ள கணினிக்கு டயல் செய்து மூட்டையை ஒப்படைக்கும். அது அதற்கடுத்த ஊருக்கு. கம்பெனி கிடையாது, முதலாளி கிடையாது, எல்லாம் ஆர்வக்கோளாறு. உலகம் இதையெல்லாம் எப்போதோ மூட்டை கட்டிவிட்டது என்று நினைப்பவர்கள் அக்காவிடம் போய்ச் சொல்லிப் பார்க்கலாம். "செத்துப்போச்சுன்னு சொல்றவங்க யாரும் டயல் பண்ணிப் பாக்கறதில்லை" என்பார்.

அக்கா என்றால் எல்லோருக்கும் அக்கா. எழுபத்தெட்டு வயதுக் கப்பல் இன்ஜினீயர் ஒருவர்கூட அவரை அப்படித்தான் அழைக்கிறார். காரணம், இந்தப் போர்டுகளுக்கும் இன்டர்நெட் மெயிலுக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது அவர் வீட்டுக் கூடத்தில், தையல் மிஷினுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கேட்வே என்று அதற்குப் பெயர். போர்டுகளின் முகவரி எண்களால் ஆனது, இன்டர்நெட்டின் முகவரி எழுத்துகளால் ஆனது. ஒன்றை மற்றொன்றாக மாற்றி இரு பக்கமும் அனுப்புவது இந்தப் பெட்டியின் வேலை. போர்டுக் கடிதத்தில் 'பெறுநர்' கட்டம் மிகச் சிறியது. இன்டர்நெட் முகவரி அதில் கொள்ளாது. ஆகவே கட்டத்தில் கேட்வேயின் பெயரைப் போட்டு, உண்மையான முகவரியைக் கடிதத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். மறந்தால் கடிதம் நேராக அக்காவின் மடியில் வந்து விழும். அட்டைத் துண்டு அதற்காகத்தான்.

இவ்வளவு சுத்தமான மனுஷி செய்த தப்பையும் சொல்லிவிட வேண்டும். கேட்வேக்கு ஒரு கட்டளைக் கோப்பு உண்டு, இருநூற்று நாற்பது வரிகள். அதில் ஒரு வரி: இயந்திரம் தானாக எழுதிய கடிதத்துக்குப் பதில் போடாதே. ஏதோ சோதனைக்காக அதை முடக்கியவர், திரும்ப உயிர் கொடுக்க மறந்து தராசு பார்க்கக் கிளம்பிவிட்டார். அன்று பார்த்து எங்கோ ஓர் அலுவலகக் கணினி 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்று தானாக எழுதியது, போர்டை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவருக்கு. 'அப்படி யாரும் இங்கே இல்லை' என்றது கேட்வே. 'நான் விடுப்பில் இருக்கிறேன்' என்றது அது. மத்தியானம் அவர் சாப்பிட வீடு திரும்பும்போது பதினோராயிரம் கடிதங்கள் போய் வந்திருந்தன. இரண்டு பெட்டிகளுக்கும் சளைக்கும் உத்தேசமே இல்லை.

அன்று மாலையே எல்லாப் போர்டுகளிலும் அறிவிப்புப் போட்டார்: "தப்பு என்னோடது. மெஷின் மேல பழி போடாதீங்க."

இன்டர்நெட் இணைப்புக் கொடுத்த நிறுவனம் அதோடு விடவில்லை. கடிதம் வந்தது. பிறர் சார்பாக மெயில் அனுப்பும் இயந்திரம் தொடர்ந்து இயங்க வேண்டுமானால், பயன்படுத்தும் ஒவ்வொருவரின் பெயரும் விலாசமும் தர வேண்டும். போகிற வருகிற எல்லாக் கடிதங்களுக்கும் ஒரு நகல் நிறுவனத்துக்குப் போக வேண்டும். இல்லையென்றால் வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு இணைப்புத் துண்டிக்கப்படும்.

திங்கட்கிழமை எடைக்கல் பையோடு அவர்கள் அலுவலகத்துக்குப் போனார். அதிகாரி நல்ல மாதிரியானவர்தான். நாற்காலி போட்டார்.

"நாங்க படிக்க மாட்டோம் மேடம். சும்மா ஒரு காப்பி இருக்கும், அவ்வளவுதான்."

"படிக்காத காப்பி எதுக்கு சார் உங்களுக்கு?"

"ரூல்ஸ் மேடம். நீங்க பண்ணின குளறுபடிக்கு அப்புறம்..."

"குளறுபடி பண்ணினது நான். தண்டனைன்னா எனக்குக் குடுங்க. ஒரு மாசம் நிறுத்தி வைங்க, வாங்கிக்கிறேன். அடுத்தவங்க லெட்டரை எதுக்குக் கேக்கறீங்க? தராசு ரிப்பேருக்குப் போறவ, தட்டுல இருக்கற சாமானை எடுத்துட்டு வரலாமா?"

அதிகாரி சம்மதப் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தினார். அக்கா அதை அவர் பக்கமே நகர்த்தினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு மேடம், யோசிங்க" என்றார் அவர். "யோசிச்சுட்டுத்தான் சார் பஸ் ஏறினேன்" என்றார் இவர்.

வீம்பு என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த வீம்புக்குப் பின்னால் கேட்வே வழியாகக் கடிதம் எழுதும் அறுபத்து மூன்று பேர் இருந்தார்கள். முக்கியமாக ஒருவர்: கண் தெரியாத வாத்தியார். கடிதத்தை வாசித்துக் காட்டும் பழைய பெட்டி ஒன்று வைத்திருக்கிறார். வெறும் எழுத்தைத்தான் அது படிக்கும். பெரிய கம்பெனிகளின் படமும் பொத்தானும் நிறைந்த பக்கங்களைக் கண்டால் ஊமையாகிவிடும். கடல் தாண்டி இருக்கும் மகள் இன்டர்நெட்டில் எழுதுவதெல்லாம் அக்காவின் கேட்வே வழியாகத்தான் அவர் காதுக்கு வருகிறது. அக்கா அவருக்கு மட்டும் ஃபோன் போட்டு விஷயத்தை உடைத்தார். கையெழுத்துப் போட்டால் கடிதம் வரும், நகலோடு. போடாவிட்டால் ஒருவேளை வராமலே போகலாம்.

வாத்தியார் சொன்னார்: "அக்கா, என் மக எழுதறதை இதுவரைக்கும் இந்தப் பொட்டி ஒண்ணுதான் படிச்சிருக்கு. அது போதும். வேற எவனும் படிக்க வேண்டாம். வரலேன்னா பரவாயில்லை."

"வரும் சார்" என்று ஃபோனை வைத்துவிட்டார் அக்கா. வைத்த பிறகுதான் பயம் பிடித்துக்கொண்டது. சொல்லியாகிவிட்டது, எப்படி வரும் என்று அப்போது அவருக்கே தெரியாது.

இன்னொரு ஊரில் ஒரு பல் டாக்டர் போர்டு நடத்துகிறார். அவருக்கு இன்டர்நெட் கொடுப்பது வேறு நிறுவனம். நகல் கேட்காத நிறுவனம். அங்கே மெயில் வந்து இறங்கட்டும், அதை மணிக்கொரு தரம் வீட்டுத் தொலைபேசியில் டயல் செய்து எடுத்து வரலாம் என்று அக்கா கணக்குப் போட்டார். டாக்டர், "எடுத்துக்குங்க அக்கா. நான் பல்லைத்தான் பாப்பேன், லெட்டரைப் பாக்க மாட்டேன்" என்று சிரித்தார். சொல்ல எளிது. செய்ய மூன்று நாள் பிடித்தது. கோப்பில் நாற்பது வரிகளை மாற்றினார். ஒரு தடவை கேட்வே தனக்குத்தானே டயல் செய்துவிட்டு, லைன் பிசி என்று புகார் சொன்னது. தொலைபேசியில் அண்ணனோடு ஒரு மணி நேரம் பேசும் நாத்தனாருக்கு, மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது பேச்சை முடிக்க வேண்டும் என்று புதுச் சட்டம் வந்தது. "என் அண்ணன்கிட்ட பேச டைம் டேபிளா?" என்று அவர் பொரிந்து தள்ளினார். கணவர் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தார். "ஏம்மா, ஊர்ல இருக்கறவங்க லெட்டருக்காக நம்ம வீட்டுல சண்டையா?" என்றார்.

"ஊர்ல இருக்கறவங்க நம்மள நம்பிக் குடுத்தது. உங்க வேன்ல ஏறுற பிள்ளைங்களை யாராவது கேட்டா குடுத்துடுவீங்களா?"

அன்று முதல் ஐந்து நிமிடம் முன்பே, "மணியாச்சு, வைக்கிறேன்" என்று தங்கையிடம் கணவரே சொல்லத் தொடங்கினார்.

வியாழக்கிழமை கேட்வேயின் இன்டர்நெட் முகவரியை டாக்டரின் கணினிக்குத் திருப்பிவிட்டார். உலகம் முழுதும் அது தெரியவர ஒரு நாள் ஆகும். வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தார். பத்து மணி டயலில் ஒன்றும் இல்லை. பதினொன்றில் ஒன்றும் இல்லை. ஒரு மணிக்கு ஒரே ஒரு கடிதம் வந்து இறங்கியது. அனுப்பியவர் கடல் தாண்டி, பெறுநர் வாத்தியார். அதற்கு மேல் அவர் பார்க்கவில்லை. கால் மணி நேரத்தில் வாத்தியாரிடமிருந்து ஃபோன். "வந்துடுச்சு அக்கா" என்றார்.

நான்கு மணிக்குச் சற்று முன் நிறுவனத்தின் டெக்னீஷியன் வந்தார். சுவரிலிருந்த இணைப்புப் பெட்டியைக் கழற்றினார், வயரைச் சுருட்டினார். பெட்டியை ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்கினார். "காரணம்னு ஒரு கட்டம் இருக்கும்மா. வீடு மாத்தறீங்களா?"

"இல்லையே. இங்கயேதான் இருப்பேன்."

அப்போது மணி நான்கு அடித்தது. தையல் மிஷின் பக்கத்தில், கேட்வேயைத் தொலைபேசியோடு இணைக்கும் மோடம் தானாக டயல் செய்ய ஆரம்பித்தது. எண்கள் ஒவ்வொன்றாக ஒலித்தன. பிறகு மறுமுனை எடுத்து, இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக் கிறீச்சிட்டன. கையில் பெட்டியோடு வாசல்படி வரை போன டெக்னீஷியன் திரும்பிப் பார்த்தார். "என்னம்மா சத்தம் அது?"

அக்கா எழுந்து போய், சத்தம் இன்னும் கூடும்படி மோடத்தின் ஒலித் திருகைக் கடைசி வரை திருப்பினார்.