இரண்டு விரல்கள்

சென்னையில் சிற்பம் படித்து, பன்னிரண்டு வருடம் கல்லூரியில் பாடமும் நடத்திவிட்டு, ஊரோடு இருப்போம் என்று சூலக்கரைப் பக்கம் தகரக் கொட்டகை போட்டவன் நான். நான் செய்த சிலைகளில் பாதி இன்று கம்பிக் கூண்டுக்குள் நிற்கின்றன. மீதிச் சிலைகளுக்குப் பிறந்தநாள் தோறும் தங்கப் பெயின்ட் அடித்து, நான் மெனக்கெட்டு இழைத்த கண்ணிமைகளை மூடிவிடுகிறார்கள். அதற்கெல்லாம் எரிச்சல்பட்டு எரிச்சல்பட்டுப் பழகிவிட்டது. பழகாதது ஒன்று உண்டு.

சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனி முதலாளி இறந்து ஓராண்டு ஆனபோது, மூத்த மகன் என்னைத் தேடி வந்தார். கம்பெனிக்குத் திரும்பும் முச்சந்தியில் அப்பாவுக்கு ஆளுயர வெண்கலச் சிலை வைக்க வேண்டும். கும்பிட்ட கையோடு இருக்க வேண்டும், ஏனென்றால் அவர் எதிரே வருகிற யாரையும் கும்பிடாமல் போனதில்லை.

படங்கள் கேட்டேன். கட்டுக்கட்டாக வந்தன. எல்லாவற்றிலும் வலது கை மாலைக்குள்ளோ துண்டுக்குள்ளோ மறைந்திருந்தது. அந்தக் கையை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சிறு வயதில் தானே பட்டாசுக்கு வெடிமருந்து கெட்டித்துக்கொண்டிருந்தபோது வெடித்து, ஆட்காட்டி விரலும் நடுவிரலும் அடியோடு போய்விட்டன. பேனாவைக் கட்டைவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பிடித்துக் கையெழுத்துப் போடுவார். கும்பிடும்போது இடது கையின் இரண்டு விரல்கள் மட்டும் துணையில்லாமல் நிற்கும்.

அதை அப்படியே களிமண்ணில் கொண்டுவந்தேன். நான் செய்ததிலேயே நல்ல கைகள் அவை. மகன் வந்து நெடுநேரம் பார்த்தார்.

"முகம் அப்பாவேதான் சார். கைய மட்டும் முழுசாப் போட்டுருங்க."

"அவர் கை இதுதானே?"

"எங்களுக்குத் தெரியாதா? வேலைக்கு வாரவுக அம்புட்டுப் பேரும் இதத் தாண்டித்தான் உள்ள வரணும். மொதலாளிக்கே வெரல் போயிருக்கேன்னு தெனமும் பாத்துக்கிட்டா வரணும்?"

பார்த்துக்கொண்டு வந்தால்தான் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். அந்தக் கையோடுதான் அவர் கம்பெனியைக் கட்டினார். 'முகத்தில் கொஞ்சம் விட்டுக்கொடு, கையில் கொடுக்காதே' என்று வகுப்பு வகுப்பாகச் சொன்ன வாய் இது. கடைசியில் விரல்கள் மேல் ஒரு துண்டைப் போட்டு மறைத்துவிடலாமா என்று பேரம் பேசினேன். அதற்கும் அவர் மசியவில்லை. நான் முடியாது என்றால் வேறு ஆளிடம் போய்விடுவார்கள் என்று பயந்து, சரி என்றேன். இதை எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

போன விரல்கள் எப்படி இருந்தன என்பதற்கு ஒரு படமும் கிடையாது. இடது கை விரல்களைப் பார்த்துச் செய்தால் அச்சில் எடுத்தது போல உயிரில்லாமல் இருந்தது. கண்ணாடி முன்னால் கும்பிட்டு நின்று, என் விரல்களையே பார்த்துச் செய்து ஒட்டினேன்.

வார்ப்பு முடிந்து சிலை கொட்டகைக்கு வந்தது. பீடத்தில் ஏற்றும் முன் பார்க்க வேண்டும் என்று முதலாளியின் மனைவி மகனோடு வந்தார். அன்றுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறேன். சிலை தரையில், அந்த அம்மாவுக்குக் கை எட்டும் உயரத்தில் நின்றது. முகத்தைப் பார்த்துத் தலையாட்டினார். கும்பிட்ட கையைத் தொட்டுத் தடவிக்கொண்டே போனவர், அந்த இரண்டு விரல்களில் நிறுத்திவிட்டார்.

"இது யாரு வெரலு, தம்பி?"

நான் மகனைப் பார்த்தேன்.

"நாந்தாம்மா போடச் சொன்னேன்," என்றார் மகன்.

அந்த அம்மா அவரைத் திட்டவில்லை. வெண்கலச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். வரிசை பிசகாமல், துளையும் நூலும் தெரிய, ரசித்துச் செய்த பொத்தான்கள்.

"நாப்பத்தெட்டு வருசம் அவுகளுக்குப் பொத்தான் மாட்டிவிட்டது நாந்தான். ஒரு நா ஊருக்குப் போனாக்கூட, பொத்தானக் கழட்டாம சட்டையத் தலவழியாவே கழட்டி மாட்டிக்கிருங்கன்னு சொல்லிட்டுத்தான் போவேன். இவுகளுக்கு நான் வேண்டியதில்ல போலருக்கு."

சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டார்.

திறப்பு விழாவுக்கு அவர் வரவில்லை. நான் போனேன். மேடையில் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். எல்லாரும் பார்க்க, அதே விரல்களோடு கும்பிட்டேன்.