எல்மாவின் செம்புக் குண்டு

தராசின் முன்னால் உட்கார்ந்துவிட்டால் எல்மா கங்காஸ் மூச்சு விடமாட்டாள். பொன் நிறுக்கிற தராசு போலச் சின்னது அது. பக்கத்தில் யாராவது பெருமூச்சு விட்டாலே கோல் ஆடிவிடும். அதனால் கணப்படுப்பின் விசிறி நின்றிருக்கும், நாய் வெளியே போயிருக்கும், பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் காபிக்கு வந்த நானும் கதவோரம் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேன். கோல் நேர் நின்றதும் கிண்ணத்திலிருக்கும் வெடிமருந்தைத் தோட்டாவின் பித்தளைக் கூட்டுக்குள் கொட்டிவிட்டு, "ம்" என்பாள். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சும் காபியும் ஏலக்காய் ரொட்டியும்.

அறுபதைத் தாண்டியவள். பனிக்காலம் முழுக்க மாவட்டத்தின் பனி அள்ளும் லாரியை ஓட்டுகிறாள். அமெரிக்காவின் வட எல்லையில், எங்கள் ஊரை ஒட்டிய சுப்பீரியர் ஏரிக்காற்று ஒரே இரவில் சாலையை மூடிவிட்டுப் போகும். விடிவதற்குள் எல்மா அதைத் திறந்துவிடுவாள். அந்த லாரியை ஓட்டும்போது அவளுக்கு வாய் ஓயாது. வழியில் நிற்கும் கார்க்காரர்களை ஏழு தலைமுறைக்கும் சேர்த்துத் திட்டுவாள். நவம்பர் பிறந்துவிட்டால் மட்டும் ஆள் மாறிவிடும். பேச்சு குறையும், தராசு மேசைக்கு வரும்.

நவம்பர் பதினைந்தாம் தேதி எங்கள் ஊரில் மான் வேட்டை திறக்கிறது. அன்று பள்ளிக்கூடத்துக்கே விடுமுறை. அங்கே வாத்தியாராக இருக்கிற நான் துப்பாக்கியைத் தொட்டதில்லை என்றாலும், விடுமுறையை வேண்டாம் என்று சொல்லுமளவுக்குக் கொள்கை உள்ளவனும் இல்லை. அன்று அடிக்கிற மான்தான் பல வீடுகளுக்குப் பாதிக் குளிர்காலத்துக் கறி. எல்மா தன் தோட்டாக்களைத் தானே கட்டுவாள். கடையில் விற்கிறதே என்று ஒருமுறை கேட்டுவிட்டேன்.

"கடைத் தோட்டா கடைச் செருப்பு மாதிரி வாத்தியாரே. எல்லாக் கால்லயும் ஏறும், ஒரு காலுக்கும் பொருந்தாது. இது எங்கப்பா துப்பாக்கி. இதுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத்தான் தெரியும்."

அதற்குப் பிடித்தது ஈயக் குண்டு. மேலே மெல்லிய செம்புத் தோல், உள்ளே ஈயம். அப்பா காலத்திலிருந்து அதேதான். மானுக்குள் போனதும் காளான் போல விரியும். விரியும்போது கொஞ்சம் சிதறவும் செய்யும். சிதறிய ஈயம் உப்புத் தூளைவிடப் பொடியாகக் கறிக்குள் உட்கார்ந்துகொள்ளும், கத்திக்கும் நாக்குக்கும் அகப்படாது, வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாது. மகள் கத்ரிக்கு மருத்துவமனைத் தாதி இதைச் சொன்னது போன வசந்தத்தில். அப்போது சொல்லி என்ன பயன்? கத்ரியின் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்துபோயிருந்தது.

காரணம் சொல்ல முடியாது, சிலருக்கு இப்படி ஆகும் என்றுதான் மருத்துவர் சொன்னார். கத்ரியும் அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலம் முழுக்க, பிள்ளைத்தாய்ச்சிக்குத் தெம்பு வேண்டுமென்று வாராவாரம் மான்கறி உருண்டை செய்து கொண்டுபோய்க் கொடுத்தது எல்மா. யாரும் பழி சொல்லாத வீட்டில் தானே தன்மேல் பழியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்க்கச் சகிக்காது.

இப்போது கத்ரி மறுபடியும் உண்டாகியிருக்கிறாள். அம்மா வீட்டுக்குச் சாப்பிட வந்தால் அடுப்பில் அவளுக்கென்று தனியாக ஒரு சின்னச் சட்டி. கடையில் வாங்கிய கோழி. கத்ரி குனிந்த தலை நிமிராமல் தின்பாள். எல்மா அந்தத் தட்டின் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அதனால்தான் இந்த வருஷம் மேசைமேல் புதிதாக ஒரு பெட்டி. முழுக்க முழுக்கச் செம்பில் கடைந்த குண்டு. ஈயம் மருந்துக்கும் கிடையாது. விரியும், ஆனால் சிதறாது என்று பெயர். தம்பி வெய்க்கோ ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா இது, கம்மல் செய்யப் போறியா? அப்பா ஈயத்துலதான் சுட்டாரு. நாம அதத் தின்னுதான் வளந்தோம். என்ன கொறஞ்சு போயிட்டோம்?"

"உன்னப் பாத்தாத்தான்டா எனக்குச் சந்தேகமே வந்துச்சு," என்றாள் எல்மா.

செம்பு ஈயத்தைவிடக் கனம் குறைந்தது. பழைய எடையிலேயே வாங்கினால் குண்டு நீண்டுவிடும், அப்பாவின் துப்பாக்கிக் குழல் அதைச் சரியாகச் சுழற்றி அனுப்பாது. அதனால் எடை குறைந்ததாக, குண்டு நிறுக்கும் கிரெயின் கணக்கில் நூற்றைம்பதாக எடுத்திருந்தாள். மருந்தையும் கையேட்டில் செம்புக்கென்று சொல்லியிருக்கும் குறைந்த அளவிலிருந்துதான் தொடங்கினாள். எல்லாம் சரி. ஒன்றை மட்டும் அப்பா சொன்னபடியே செய்தாள். குண்டின் தோள், அதைச் சுழற்றிவிடும் குழலின் உள்வரிகளைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும் என்பது அப்பா வாக்கு. ஈயக் குண்டை நாற்பது வருஷமாக அப்படித்தான் வைத்துக் கட்டுகிறாள், ஒரு நாளும் தவறியதில்லை.

சரளை தோண்டிய குழிக்குப் போய் எல்மா சுட, நானும் வெய்க்கோவும் பார்த்தோம். முதல் குண்டு குறி அட்டையின் இடது மூலை. இரண்டாவது வலது ஓரம். "மானு எந்தப் பக்கம் நின்னாலும் தப்பிச்சிரும்," என்று வெய்க்கோ கெக்கலித்தான். மூன்றாவதைச் சுட்டுவிட்டு, காலிக் கூட்டை எடுக்க எல்மா துப்பாக்கியின் தாழைத் தூக்கினாள். அது வரவில்லை. மறுபடி தூக்கினாள். உள்ளங்கையால் ஓங்கித் தட்டிய பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு திறந்த மாதிரி வந்தது. வெளியே விழுந்த பித்தளைக் கூட்டின் அடியில், ஊசி அடிக்கிற பொட்டு உள்ளழுத்தம் தாங்காமல் நசுங்கித் தட்டையாகிக் கிடந்தது. வெய்க்கோவின் சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னொண்ணு சுட்டுப் பாரேன்," என்றான்.

"சுட்டா இது என் மொகத்துலதான் தெறக்கும். கண்ணு போயிட்டா கத்ரிக்குக் கறி யாரு கொண்டாருவா, நீயா?"

"ஈயத்துக்கே போயிரு அக்கா. நாளு நெருங்கிருச்சு. ஒரு வருஷம் கோழி தின்னா அந்தப் பொண்ணு ஒண்ணும் செத்துர மாட்டா."

எல்மா துப்பாக்கியை உறையில் போட்டு, லாரி ஓட்டுகிறவளுக்குரிய திட்டு ஒன்றுகூட வாயில் வராமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். வெய்க்கோ கெட்டவனல்ல, ஆனால் அன்றைக்கு அவன் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலத்தான் எனக்கு இருந்தது.

அடுத்த நாள் நான் போனபோது கட்டி வைத்த தோட்டாக்களையெல்லாம் பிரித்துக்கொண்டிருந்தாள். அதற்கென்றே ஒரு சுத்தியல் உண்டு; தோட்டாவை அதன் தலைக்குள் சொருகி மரக்கட்டையில் ஓங்கி அடித்தால் குண்டும் மருந்தும் கழன்று விழும். டொக், டொக் என்று தெருவுக்கே கேட்டது. பிறகு ஒரு குண்டை மெழுகுவர்த்திப் புகையில் காட்டிக் கறுப்பாக்கினாள். மருந்தில்லாத கூட்டில் அதை வைத்துத் துப்பாக்கிக்குள் தள்ளி, மெதுவாக வெளியே எடுத்தாள். கறுப்பின் மேல் பளபளவென்று சின்னச் சின்னக் கீறல்கள்.

"பாத்தீங்களா? ஈயம் மெத்துனு இருக்கும், நெருக்குனா வழி விட்டுக்கும். இது வழி விடாது. பொறப்படும்போதே முட்டிக்கிட்டு நிக்குது. இதுக்குக் கொஞ்சம் ஓடி வர எடம் வேணும்."

"அப்பா சொன்னது?"

"அப்பாவுக்கு ஈயந்தான் தெரியும்," என்றாள். சொல்லிவிட்டு, அவர் கேட்டுக்கொண்டிருப்பதுபோல ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

குண்டைக் கூட்டுக்குள் இன்னும் கொஞ்சம் உள்ளே இறக்கினாள். கறுப்பில் கீறல் விழாத இடம் வந்ததும் அதற்கும் கீழே போனாள். குழலுக்குள் படிந்திருந்த பழைய கறையைத் துணி வெள்ளையாக வரும்வரை துடைத்தாள். மறுபடி சரளைக் குழி. இந்த முறை தாழைத் தூக்கும்போது நானும் வெய்க்கோவும் எங்களை அறியாமல் நாலடி பின்னால் நின்றோம். வெண்ணெயில் கத்தி போல வந்தது தாழ். அட்டையில் மூன்று ஓட்டைகளையும் ஒரு ரொட்டித் துண்டால் மூடிவிடலாம். வெய்க்கோ தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான்.

வேட்டை திறந்த அன்று காட்டுக் குடிசையில் நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். கேதுரு மரச் சதுப்புப் பக்கமிருந்து ஒரே ஒரு சத்தம். மான் கிடந்த இடத்துக்கும் அது நின்ற இடத்துக்கும் பத்தடிகூட இல்லை என்றான் வெய்க்கோ. ஆனால் எல்மா முகத்தில் சந்தோஷம் இல்லை. குண்டு வெளியேறிய காயம் எங்கேயும் காணவில்லை. அப்படியானால் உள்ளே இருக்கிறது. முழுசாக இருக்கிறதா, தூளாகவா?

மாலையில் அவள் வீட்டுக் கொட்டகையில் தோலை உரித்தாள். கத்ரி அடுக்களை வாசலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முன்தோளில் நுழைந்த வழியை எல்மாவின் விரல்கள் அங்குலம் அங்குலமாகத் தடவிக்கொண்டு போயின. எதிர்ப்பக்கத் தோளைத் தாண்டி, தோலுக்கு அடியில், ஒரு கட்டி. கத்தி முனையால் கீறி எடுத்தாள். நான்கு இதழும் விரிந்த செம்புப் பூ.

நேராகத் தராசுக்குப் போனாள். புறப்பட்டபோதிருந்த நூற்றைம்பதில் கோலை வைத்துவிட்டுக் குண்டைப் போட்டாள்; குறைந்தால் மீதி கறிக்குள் கிடக்கிறது என்று அர்த்தம். கோல் எகிறியது. எடை கூடுதல்.

"மானைத் தின்னு கொழுத்துருச்சு," என்றான் வெய்க்கோ.

எல்மா அதை வெந்நீரில் கழுவினாள். இதழ்களுக்குள் சிக்கியிருந்த கொழுப்பையும் ரோமத்தையும் ஊசியால் எடுத்து, துடைத்து, அடுப்பருகே காயவைத்து, மறுபடி தராசில் வைத்தாள். விசிறியைக் கத்ரியே போய் நிறுத்தினாள். கோல் மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. அறையில் ஒருவரும் மூச்சு விடவில்லை. கோல் நேர் நின்றது.

"ம்," என்றாள் எல்மா.

பிறகு அடுப்பிலிருந்த கோழிச் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டு பின்கதவைத் திறந்தாள். பனியில் காத்துக்கிடந்த நாயின் தட்டில் அதை அப்படியே கவிழ்த்தாள்.