ஒரு சேர் மாவின் எடை

அல்சூரில் ஒரு தொழிற்பயிற்சி மாணவர் விடுதியில் பிரிஜெட் பதினோரு வருடம் சமைத்தாள். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. ரயில்வேயில் ஃபிட்டராக இருந்த அவள் கணவன் ஆம்ப்ரோஸ் அதிகம் பேசமாட்டார். அவருக்கும் சேர்த்து இவள் பேசுவாள்.

1962இல், கிலோ கணக்கு எல்லா இடத்துக்கும் வந்த சமயம், விடுதிக் காப்பாளர் ஓஸ்வால்ட் சமையலறைச் சுவரில் ஓர் அட்டையை ஒட்டினார். ஒரு சேர் என்றால் 933 கிராம் என்று அதில் இருந்தது. அதுவரை பிரிஜெட் அளந்துவந்த, படி போன்ற இரும்புச் சேரை வாங்கிச் சாமான் அறையில் வைத்துவிட்டார். இனி எல்லாம் தராசில் நிறுத்துத்தான் வரும்.

அரிசியில் வித்தியாசம் தெரியவில்லை. மூன்றாம் நாள் கேழ்வரகுக் களி. வழக்கமான தண்ணீரைக் கொதிக்கவைத்து, வந்த மாவைக் கொட்டினாள். துடுப்பு அசையவில்லை. எண்பது பையன்களும் களியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்துபோனார்கள்.

“இத்தன வருஷமா சமைக்கிற, களி கிண்டத் தெரியல? தப்பு என்னுதுன்னு எழுதிக் குடு” என்றார் ஓஸ்வால்ட்.

“தப்பு என்னுதில்ல சார். உங்க அட்டையோடது.”

“அது ஆபீஸ்ல இருந்து வந்தது.”

“ஆபீஸ்ல யாரு சார் களி கிண்டறாங்க?”

கேட்டுவிட்டு நேராகச் சாமான் அறைக்குப் போனாள். வேலை போனால் போகட்டும் என்று நினைத்துக்கொண்டாள். சேரை எடுத்து மாவை நிரப்பி, தலைதட்டி மட்டமாக்கி, அந்த மாவைத் தராசில் கொட்டினாள். அறுநூற்று நாற்பது கிராம்.

“அமுக்கிப் போடல நீ” என்று பின்னாலேயே வந்த ஓஸ்வால்ட் தானே சட்டைக் கையை மடக்கிக்கொண்டு, முஷ்டியால் குத்திக் குத்தி மாவை அடைத்தார். எழுநூற்று எழுபதைத் தாண்டவில்லை. அரிசியை நிறுத்தால் தொள்ளாயிரத்துப் பத்து வந்தது.

“இது கொள்ளற சேரு சார். கடையில நிறுக்கற சேரு வேற. பேரு ஒண்ணுன்னா எடையும் ஒண்ணாயிடுமா? மாவு லேசு, அரிசி கனம்.”

அவர் முகத்திலும் மீசையிலும் மாவு. “அட்டைய மாத்த எனக்கு அதிகாரம் இல்ல” என்று மட்டும் சொன்னார்.

“எனக்கும் இல்ல. ஆனா அதப் பாத்து இனிமே சமைக்கமாட்டேன்.”

அன்று மாலைக்குள் ரவை, துவரம்பருப்பு, உப்பு, சர்க்கரை என்று ஒவ்வொன்றையும் சேரில் அளந்து நிறுத்தாள். அந்த எடைகளை அட்டைக்குப் பக்கத்திலேயே கரித்துண்டால் பெரிது பெரிதாக எழுதினாள். மறுநாள் அங்கே சுண்ணாம்பு அடித்திருந்தது. மறுபடி எழுதினாள். அதன் மேலும் அடித்தார்கள். மூன்றாம் தடவை அடுப்புக்கு மேலே, ஏணி இல்லாமல் எட்டாத உயரத்தில் எழுதினாள். சுண்ணாம்பு வாளி அங்கே வரவில்லை.

அட்டை அப்படியே இருந்தது. மன்னிப்புக் கேட்டு அவள் எழுதித் தரவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. ஆனால் அடுத்த வாரக் களிக்கு, சேருக்கு அறுநூற்று நாற்பது என்ற கணக்கில் மாவு வந்தது. பையன்கள் இரண்டாம் உருண்டை கேட்டார்கள்.

ஒரு மாதம் கழித்து, சாமான் அறையிலிருந்து ஓஸ்வால்டின் குரல் கேட்டது.

“பிரிஜெட், அவல் சேருக்கு எவ்ளோன்னு எழுதியிருக்க?”

“சுவத்துல இருக்கு சார்” என்றாள், அடுப்பிலிருந்து திரும்பாமல். “வந்து பாத்துக்குங்க.”

வந்து, கழுத்தை நிமிர்த்திப் பார்த்துக் குறித்துக்கொண்டு போனார்.