கீழே ஓடும், மலையேறினால் ஓடாது

1. மறுபடியும் கத்துது

"அக்கா, மறுபடியும் கத்துதுங்க்கா."

போனில் பூங்கொடியின் குரலைக் கேட்டதுமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கத்துவது ஆடோ குழந்தையோ அல்ல, அவளுடைய கம்ப்யூட்டர். சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றும், விளக்கு எரியும், திரையில் மட்டும் ஒன்றும் வராது. உள்ளேயிருந்து நீளநீளமாக பீப் சத்தம் வந்துகொண்டே இருக்கும். ரேம் சரியாக உட்காரவில்லை என்று மதர்போர்டு அழுகிற அழுகை அது.

எனக்கு மலையடிவாரத்தில், பேளுக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. இந்தத் தொழிலிலேயே தலை நரைத்துவிட்டது. இன்றைக்கும் புதிதாக ஓர் இடத்துக்குப் போனால், ஸ்கூட்டரை விட்டு நான் இறங்கியதும் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, "ஏனுங்க, சர்வீஸ் பண்றவரு வரலீங்களா?" என்பார்கள். "வந்தாச்சுங்க, உங்க முன்னாடிதான் நிக்குது" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுப்பேன். பூங்கொடி அப்படிக் கேட்டதில்லை. முதல்முறை சிபியூவைத் தூக்கிக்கொண்டு மலையிலிருந்து பஸ்ஸில் வந்தவள், அதை மடியை விட்டு இறக்காமலே, "பொழச்சுக்குங்களா அக்கா?" என்றாள். அப்போதே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம் அவள் ஊர். வீட்டின் முன்னறையில் சேவை மையம் நடத்துகிறாள். சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் எல்லாவற்றுக்கும் சுற்றுவட்டாரத்து ஜனங்கள் அவளிடம்தான் வருவார்கள். அவள் மையம் வருவதற்கு முன்னால், ஒரு விண்ணப்பம் போடக்கூட ஒற்றையடிப் பாதையில் இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, அன்றைய காட்டு வேலையைக் கெடுத்துக்கொண்டு போக வேண்டும்.

"இன்னைக்கு ஆபீசர் வர்றாருங்க்கா. போன தடவ வந்தப்பவே ஓடல. இந்தத் தடவையும் இப்படியே இருந்துச்சுன்னா மையத்த பஸ் ரோட்டுல வேற ஆளுக்கு மாத்தி உட்ருவேன்னு சொல்லிட்டுப் போயிருக்காரு. மத்தியானத்துக்குள்ள வந்துருவாருங்க்கா." பேச்சு அங்கேயே உடைந்து அழுகையாகிவிட்டது.

"அழுவாத சாமி, நான் வாரேன். அதுவரைக்கும் அந்தச் சுவிட்சுப் பக்கம் போகாத" என்று சொல்லிவிட்டு, கடை ஷட்டரை இழுத்தேன்.

2. போலீஸ் விசாரணை

இந்த சிஸ்டத்தின் பூர்வீகத்தைச் சொல்லிவிடுகிறேன். இதற்கு முன்பும் அவள் அதைக் கடைக்குக் கொண்டுவந்திருக்கிறாள். ரேமைக் கழற்றி, பித்தளை நிறத்தில் இருக்கும் அதன் விளிம்பை ரப்பரால் தேய்த்து, புளோயரால் தூசி ஊதி, மறுபடி அழுத்தி உட்கார வைப்பேன். நல்ல பிள்ளையாக ஓடும். சந்தேகத்துக்குக் கடையிலேயே வைத்து ஓட்டியும் பார்த்தேன், ஒரு முணுமுணுப்பு இல்லை. மலைக்குப் போய்க் கொஞ்ச நாள் ஆனதும் பழைய குருடி கதவைத் திறடி என்று ஆரம்பித்துவிடும்.

மலையிலிருந்து வரும் மெஷின்கள் எனக்குப் புதிதல்ல. மூடுபனி உள்ளே இறங்கி, போர்டில் வெள்ளையாகப் பூஞ்சை பூத்து, துருப்பிடித்து வரும். இது அப்படி இல்லை. காய்ந்து, கறுத்து, விறகுப் புகை வாசத்தோடு வந்தது. மூடியின் ஸ்க்ரூக்கள் எப்போதும் லூசாக இருக்கும். பஸ் குலுக்கலில் கழன்றிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் விசாரிக்காமல் இல்லை.

"என்ன சாமி பண்ணுன?"

"ஒண்ணுமே பண்ணலீங்க்கா."

"மையத்துக்குள்ள சமைக்கறயா?"

"ஐயோ, இல்லீங்க்கா. சமையலு பின்னாடிக் கொட்டாயில."

"உள்ள எதையாச்சும் தொட்டயா?"

"உள்ள கையே வெக்கலீங்க்கா, சத்தியமா."

இந்தப் பதில்களில் ஒன்றுகூடப் பொய் இல்லை என்பதுதான் பின்னால் தெரிந்த வேடிக்கை. அன்றைக்கு என்ன நினைத்தேன் தெரியுமா? எல்லாக் கஸ்டமரும் சொல்கிற "ஒண்ணும் பண்ணல"தான் இதுவும் என்று நினைத்தேன். கீபோர்டில் டீயைக் கொட்டியவரும் அதைத்தான் சொல்வார், பையன் கேம் ஏற்றி வைரஸ் வாங்கினவரும் அதைத்தான் சொல்வார்.

3. ஸ்லாட்டுக்குள் சாமை

வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துக்கொண்டு மலையேறினேன். மேலே மூடுபனி, எதிரே வரும் லாரியின் விளக்கு மட்டும்தான் தெரிந்தது. பூங்கொடி பாதை ஓரத்திலேயே நின்றிருந்தாள். வீட்டுக்குள் அவள் மாமியார் எனக்காகக் காப்பி போட்டு வைத்திருந்தார். குடிக்க நேரமில்லை என்றேன். "ஆறுனாலும் குடிச்சுப்போட்டுத்தான் போகோணும் கண்ணு" என்று மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

முதலில் பிளக் பாயிண்டில் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கரண்ட் ஒழுங்காக வந்தது, எர்த்தும் இருந்தது. பெட்டிக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். நன்றாக இருந்தது. ரேமைத் தேய்த்துப் போட்டேன், பீப். கையோடு கொண்டுவந்த வேறு ரேமைப் போட்டேன், பீப். இரண்டு ஸ்லாட்டிலும் மாற்றி மாற்றிப் போட்டேன். அது பாட்டுக்குக் கத்திக்கொண்டிருந்தது. புது ரேமுக்கும் கத்துகிறது என்றால் கோளாறு ரேமில் இல்லை. போர்டே போய்விட்டது என்றால் இன்றைக்குள் ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு வியர்த்துவிட்டது, அந்தக் குளிரிலும்.

பூங்கொடி ஒரு நிமிடம் வாசலுக்குப் போவாள், ஜீப் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாள், திரும்பி வந்து என் கையைப் பார்ப்பாள். "போயிருச்சுங்களா அக்கா?" என்று கேட்கவும் பயந்து, உதட்டை மட்டும் அசைத்தாள்.

சிபியூவை மடியில் சாய்த்து, டார்ச்சை ஸ்லாட்டுக்குள் அடித்தேன். அந்த மெல்லிய பள்ளத்தின் அடியில் ஏதோ மஞ்சளாக ஒட்டியிருந்தது. ட்வீசரால் கிள்ளி எடுத்தேன். உமி. சாமை உமி! இன்னொன்று. அடுத்த ஸ்லாட்டிலும் இரண்டு. பெட்டியைத் தட்டியபோது உள்ளேயிருந்து ஒரு மிளகு உருண்டு தரையில் ஓடியது.

பல மெஷினில் எறும்பு பார்த்திருக்கிறேன், பல்லி முட்டை பார்த்திருக்கிறேன். ரேம் ஸ்லாட்டில் சாமையை அன்றுதான் பார்த்தேன். எரிச்சலாக வந்திருக்க வேண்டும், எனக்கோ சிரிப்புதான் வந்தது. சிரித்துக்கொண்டே கேட்டேன்.

"ஏஞ்சாமி, இந்த மெஷின நீ எப்படித்தான் பாத்துக்கற?"

அவ்வளவுதான். பூங்கொடியின் முகம் மாறியது. இவ்வளவு நாளில் யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லைபோல. நிமிர்ந்து நின்று சொல்ல ஆரம்பித்தாள்.

"நல்லாப் பாத்துக்கறனுங்க்கா! இங்க பனி உழுந்தா சொவரே நனைஞ்சு போயிருமுங்க. மேச மேல அப்படியே உட்டுட்டா அது என்னத்துக்கு ஆவறது? அதனால பொழுது சாஞ்சதும் வயரையெல்லாம் புடுங்கிட்டு, பத்தரமாத் தூக்கிட்டுப் போயி, அடுப்புக்கு மேல அட்டாலியில வெச்சுருவனுங்க்கா. மூடி வெச்சா ஈரம் உள்ளயே நின்னுக்கும்னு பொட்டியோட பக்கவாட்டுத் தகரத்தையும் கழட்டி உடுவேன். நல்லாப் பொகை ஏறுமுங்க. காலையில எறக்கித் தொடச்சு மூடி மாட்டிருவேன். ஒரு நாளு தவற உட்டதில்லீங்க்கா."

நான் ட்வீசரைக் கீழே வைத்துவிட்டேன்.

பின்பக்கக் கொட்டகைக்கு அழைத்துப்போய்க் காட்டினாள். அடுப்புக்கு மேலே மூங்கில் அடித்த பரண். ஒரு பக்கம் மிளகு மூட்டை, மேலே கொத்தாகக் கட்டித் தொங்கிய சோளக் கதிர். எல்லாம் புகையில் கறுத்துப் பளபளத்தன. அந்தப் பக்கத்தில் விதையை அப்படித்தான் காப்பாற்றுவார்கள். புகை பட்டால் ஈரம் அண்டாது, வண்டு வராது, அடுத்த விதைப்பு வரைக்கும் உயிரோடு இருக்கும். நடுவே சிபியூ அளவுக்குச் சதுரமாக ஓர் இடம், ஒரு தூசி இல்லாமல் துடைத்து வைத்திருந்தாள். மேலே தொங்கும் கதிருக்குக் கீழே, மூங்கில் இடுக்கில் தங்கிய உமிக்கு நடுவே, தகரத்தைக் கழற்றிவிட்டு, தினமும் சாயங்காலம் நம்முடைய மதர்போர்டு வாயைப் பிளந்துகொண்டு படுத்திருக்கிறது.

அவள் சொன்னதில் பாதி சரி. ஈரம்தான் மலை மெஷினுக்கு எமன். அவள் நோயைச் சரியாகக் கண்டுபிடித்து மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறாள். புகைக்கரி படிந்து படிந்து காண்டாக்ட் கறுத்தது. தூக்கித் தூக்கி இறக்கியதில் ரேம் அசைந்தது. அசைந்த இடுக்கில் உமி போய் உட்கார்ந்தது. கடையில் அடுப்பும் இல்லை, பரணும் இல்லை, அதனால் அங்கே ஓடியது.

"தப்புங்களா அக்கா?" என்றாள், என் முகத்தைப் பார்த்துவிட்டு.

அப்போது வெளியே ஜீப் வந்து நின்றது.

4. ஆய்வு

ஆபீசர் உள்ளே நுழைந்தபோது மேசை முழுக்க ஸ்க்ரூவும் ரேமும் கிடந்தன. நான் ஸ்லாட்டுக்குள் கிளீனர் ஸ்பிரே அடித்து, மெல்லிய பிரஷ்ஷால் கரியைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா, இன்னைக்கும் ரிப்பேரா?" என்றார்.

பூங்கொடி எனக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள். "சர்வீஸ் சார். உட்காருங்க, இதோ ஆயிடும்" என்று நான்தான் சொன்னேன். ஆயிடுமா என்று எனக்கே தெரியாது. ஆறிப்போயிருந்த காப்பியை அவர் பக்கம் நகர்த்திவிட்டேன். மனிதர் நம்பி ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தார்.

ஸ்லாட் காய்ந்தது. ரேமை வைத்து, இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அழுத்தினேன். இரண்டு கிளிப்பும் டக் டக்கென்று பூட்டிக்கொண்டன. சுவிட்சைப் போட்டேன். ஃபேன் சுற்றியது. ஒரே ஒரு பீப், குட்டியாக. எல்லாம் சரி என்று மதர்போர்டு சொல்லும் பீப் அதுதான். திரை வெளுத்தது, டெஸ்க்டாப் வந்தது. பூங்கொடி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஆபீசர் ஒரு விண்ணப்பத்தைப் பதியச் சொன்னார். பதிந்தாள். பிரிண்ட் எடுக்கச் சொன்னார். எடுத்தாள். பிறகு குனிந்து மோந்து பார்த்து, "அதென்ன, மெஷின்லேர்ந்து புகை வாசனை வருது? எரிஞ்சு கிரிஞ்சு போச்சா?" என்றார்.

வாயை மூடிக்கொண்டிரு என்று அவள் காலை மிதித்தேன். அவளா கேட்பாள்? பரண், புகை, கழற்றிவிட்ட தகரம் என்று ஒன்றுவிடாமல் ஒப்பித்துவிட்டு, "தெரியாமப் பண்ணிட்டனுங்க சார்" என்று முடித்தாள். ஆபீசர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"நானும் எத்தனையோ மையம் பார்த்துட்டேன்" என்றார் மெதுவாக. "ஓடலைன்னா பூட்டிட்டுப் போயிருப்பாங்க, நாமதான் சாவிக்கு அலையணும். இதை நான் ரிப்போர்ட்டுல என்னன்னும்மா எழுதறது?"

"'மெஷின் நன்கு பராமரிக்கப்படுகிறது'ன்னு எழுதுங்க சார். அதுல ஒரு எழுத்துப் பொய் கிடையாது" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துவிட்டு, அப்படியே எழுதினார்.

5. கடைசியாக

ஜீப் போனதும் பூங்கொடி கேட்ட முதல் கேள்வி: "அப்ப ராத்திரிக்கு இத எங்கீங்க்கா வெக்கறது?"

"மேச மேலயே இருக்கட்டும் சாமி. பனி நாள்ல ஆளு வந்தாலும் வராட்டியும் தினமும் கொஞ்ச நேரம் ஓட உடு. ஓடுனாச் சூடாகுமில்ல, அந்தச் சூடே ஈரத்த வெரட்டிப்போடும். ஆறுனதுக்கு அப்புறம் துணி போட்டு மூடு. தகரத்த மட்டும் கழட்டாத."

இதைப் படிக்கும் இளைய மெக்கானிக்குகளுக்கு ஒன்று சொல்கிறேன். "என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டால் அது போலீஸ்காரர் கேள்வி. யாரும் ஒண்ணும் பண்ணலை என்றுதான் சொல்வார்கள், அதுவும் பாதிப் பேர் மனசார நம்பிச் சொல்வார்கள். "இதை எப்படிப் பாத்துக்கறீங்க?" என்று கேளுங்கள். காலையிலிருந்து சாயங்காலம் வரை நடப்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். கோளாறு அதற்குள்தான் எங்கேயாவது இருக்கும். இதை எனக்கு எந்தப் பயிற்சி வகுப்பிலும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பையைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது, மாமியார் ஒரு கூடையைத் தலைக்குமேல் தூக்கிப் பரணில் ஏற்றப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் ஒரு கை கொடுத்தேன். நல்ல கனம். மெஷின் இருந்த அந்தச் சதுரத்தில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"இதென்னங்கம்மா?"

"வெதைச் சாமை கண்ணு. இது இருந்த எடம்தான் அது. மெஷினுக்கு எடம் பத்தலேன்னு எறக்கிக் கட்டிலுக்கடியில வெச்சிருந்தோம். எலி கொஞ்சம் தின்னுபோட்டுது."

"வெதையவா எறக்குனீங்க?"

அவர் என்னை விவரமில்லாதவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சாமை போனாப் பக்கத்தூட்டுல வெதை வாங்கிக்கலாம் கண்ணு. இந்தச் சுத்துக்கும் மெஷினு ஒண்ணுதான இருக்குது. இது போனா யாரூட்டுல போயி வாங்கறது?"