பத்தொன்பது நாள் அதிகம்

1974ஆம் ஆண்டு ஜூன் மாதம் 17ஆம் தேதி, திங்கட்கிழமை, பிற்பகல் மூன்று மணி நாற்பது நிமிடம். காலையிலிருந்து மேகம் மூடிக் கிடந்தது. ஒரு தூறல்கூட விழவில்லை. புழுக்கத்தில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அப்போதுதான் தபால்காரர் சென்னையிலிருந்து வந்த நீளமான உறையைக் கொடுத்துவிட்டுப் போனார். செவிலியர் மேற்படிப்புக்கான விண்ணப்பமும், பதினான்கு விதிகள் அச்சிட்ட ஒரு தாளும் அதில் இருந்தன.

படிப்பு என் மகளுக்கு. காஞ்சிபுரத்திலேயே அரசு மருத்துவமனையில் நர்ஸ். ஒன்பது வருடம் வேலை பார்த்த பிறகு விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்குப் போய் இரண்டு வருடப் பட்டப்படிப்பை முடித்தாள். மேற்படிப்புக்கு, பட்டத்துக்குப் பின் இரண்டு வருட அனுபவம் வேண்டும். 1973 ஜூலையில் அது நிறைய ஒரு மாதம் குறைந்தது. ஆகவே அவள் விண்ணப்பிக்கக்கூடிய முதல் வருடம் 1974தான். அதுவே கடைசி வருடமும் என்பது எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

நான் தாலுகா ஆபீஸில் முப்பத்தோரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன். வீட்டில் எந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்புவேன். ஒவ்வொரு விதியாகப் படித்துப் பென்சிலால் குறி போட்டேன். பட்டம், சரி. கவுன்சிலில் பதிவு, சரி. மேலதிகாரியின் சான்று, கிடைத்துவிடும். பன்னிரண்டாவது விதியில் பென்சில் நின்றது. ஜூலை முதல் தேதியன்று முப்பத்தைந்து வயது நிறைந்திருக்கக் கூடாது.

அவளுடைய பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி 1939 ஜூன் 12. முப்பத்தைந்து வருடம், பத்தொன்பது நாள்.

அது அவள் பிறந்த தேதி அல்ல. அவள் பிறந்தது 1940 மே மாதம் 3ஆம் தேதி. நடுவில் உள்ள முந்நூற்று இருபத்தாறு நாட்களும் நான் போட்டவை.

1944இல் என் மனைவி இரண்டாவது பிரசவத்தில் குழந்தையைப் பறிகொடுத்துவிட்டு எட்டு மாதம் படுக்கையில் கிடந்தாள். மகளுக்கு நாலு வயது முடிந்து ஒரு மாதம். பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லை. பள்ளிக்கூடம் திறந்த அன்று கூட்டிக்கொண்டு போனேன். ஐந்து வயது ஆகிவிட்டதா என்று பார்க்க, தலைக்கு மேலாகக் கையை வளைத்துக் காதைத் தொடச் சொன்னார்கள். விரல் எட்டவில்லை. "தலையைக் கொஞ்சம் சாய்ச்சிக்கோம்மா" என்று நானே பின்மண்டையைப் பிடித்து அழுத்தினேன். விரல் நுனி காதில் பட்டது. தலைமையாசிரியர் தேதி கேட்டார். அன்றைய தேதியிலேயே ஐந்து வருடத்தைக் கழித்துச் சொன்னேன். எழுதிக்கொண்டார். அவ்வளவு சுலபமாக முடிந்தது.

மகள் நாலரை மணிக்கு டியூட்டி முடிந்து வந்தாள். விதித்தாளை நீட்டினேன். பன்னிரண்டாவதுக்கு வந்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"எனக்கு ரெண்டு பொறந்தநாள் வெச்ச. ஒண்ணுலயும் பாயசம் இல்ல. இப்ப சீட்டும் இல்லையா, நைனா?" என்று சிரித்தாள்.

"சிரிக்கிறா பாரு" என்றாள் என் மனைவி உள்ளேயிருந்து. "மாப்பிள்ளை வூட்டுக்காரங்க பதினோரு பேர் வந்து, ராத்திரி டியூட்டின்னு கேட்டதும் எழுந்து போனாங்க. அப்பவும் இப்படித்தான் சிரிச்சிக்கினு இருந்தா."

மகள் கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் கொடுத்தாள். மேற்படிப்பின் நோக்கத்தை ஒரு பக்கத்துக்குள் எழுத வேண்டும் என்பதும் ஒரு விதி. விண்ணப்பம் வருவதற்கு முன்பே எழுதி வைத்திருக்கிறாள். சேவை, தியாகம் என்றெல்லாம் எழுதியிருப்பாள் என்று நினைத்தேன். அப்படி ஒரு சொல்கூட இல்லை. அவள் எழுதியிருந்தது இதுதான்: பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் கை வெந்து, தோல் உரிந்து வருகிறார்கள். களிம்பு தடவி அனுப்புகிறோம். அதே கை மூன்றாம் மாதம் திரும்ப வருகிறது. சென்ற வருடம் என் வார்டில் மட்டும் அறுபத்தோரு பேர். யார் வீட்டில், எந்தச் சட்டியில், எத்தனை நாழிகை கை வைக்கிறார்கள் என்று போய்க் கேட்டு எழுதுவது நர்ஸின் வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொள்ளவும், பிறகு மற்றவர்களுக்குக் கற்பிக்கவும் விரும்புகிறேன். இவ்வளவுதான் இருந்தது. ஒரு எழுத்தைக்கூட நான் திருத்தவில்லை.

விண்ணப்பம் போய்ச் சேர ஜூன் 29 கடைசி நாள். பன்னிரண்டு நாள் இருந்தது. மறுநாள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். பழைய பதிவேட்டில் பக்கம் இருந்தது: பெண் குழந்தை, 1940 மே 3, தகப்பன் பெயர் என்னுடையது. நகல் கேட்டு எழுதிக்கொடுத்து, மூன்றாம் நாள் வாங்கினேன். நீதிமன்றத்தில் ஒரு உத்தரவு வாங்கினால் போதும் என்று நம்பிக்கொண்டு, தெரிந்த வக்கீலிடம் போனேன். என்னைவிட இருபது வயது இளையவர்.

"தேதியை மாத்தலாம் சார், அது ஒண்ணும் பெரிய விஷயமில்ல" என்றார். "நீங்க கோர்ட்டுல நின்னு பொய் சொன்னேன்னு சொல்லணும். சொல்லுவீங்களா?"

"சொல்றேம்பா. ஜெயில்ல போட்டாலும் போடட்டும்."

"ஜெயிலை வுடுங்க. பொண்ணு நர்ஸ் ட்ரெயினிங் எப்ப சேர்ந்தது?"

"அம்பத்தாறு, ஜூலை ஒண்ணு."

"அப்ப சேர எத்தினி வயசு ஆவணும்?"

"பதினேழு" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. அவரும் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்.

"நெசத் தேதிப்படி பதினாறு முடிஞ்சி ரெண்டு மாசம்கூட ஆவல. சேர்ந்ததே தப்பு. ட்ரெயினிங் தப்புன்னா பதிவு தப்பு. பதிவு தப்புன்னா பதினாலு வருஷ சர்வீஸ்? வேலை கிடைக்காத எவனாவது ஒரு பெட்டிஷன் போட்டா போதும் சார். கூரை மாத்தறேன்னு சுவத்தை இடிச்சிக்காதீங்க."

பொய்த் தேதி இல்லாவிட்டால் அவள் அந்த வருடம் நர்ஸ் ஆகியிருக்க முடியாது. பொய்த் தேதி இருப்பதால் இதற்கு மேலே போக முடியாது. வக்கீல் வீட்டிலிருந்து எங்கள் தெருவுக்கு வருவதற்குள் இதை எத்தனையோ விதமாகக் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். ஒரு நாள்கூடக் குறையவில்லை.

மகளிடம் சொன்னேன். "வுடு நைனா. சம்பளம் வருது, வார்டு இருக்குது" என்றாள். பிறகு, "அந்தத் தாளை மட்டும் என்னாண்ட குடுத்துடு" என்று வாங்கிக்கொண்டு போனாள்.

நான் விடவில்லை. பென்ஷன் விஷயமாகப் போவதாகச் சொல்லிவிட்டு, ஜூன் 25ஆம் தேதி சென்னைக்குப் பஸ் ஏறினேன். கல்லூரி முதல்வரைப் பார்க்க ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஐம்பது வயதுக்கு மேற்பட்ட அம்மாள், பொறுமையாகக் கேட்டார். பத்தொன்பது நாள்தான் அதிகம், ஒரு தடவை விதியைத் தளர்த்தக் கூடாதா என்று கேட்டேன்.

"ஒரு நாளா இருந்தாலும் என்னால முடியாதுங்க. போன வருஷம் நாலு நாளுக்கு ஒரு பொண்ணைத் திருப்பி அனுப்பினேன்" என்றார். நான் கொடுத்த பள்ளிச் சான்றிதழின் நகலையே பார்த்துக்கொண்டிருந்தார். "சில அப்பாங்க ஸ்கூல்ல சேர்க்கறப்ப தேதியை முன்ன பின்ன குடுத்துடறாங்க. அந்த மாதிரி எதுவும் இருந்தா சொல்லுங்க. நகராட்சிப் பதிவு இருந்துதுன்னா கமிட்டியில வெச்சிப் பார்க்கறேன். இந்தத் தேதி சரிதானே?"

நகராட்சியின் நகல் என் சட்டைப் பையில் நாலாக மடித்து இருந்தது. கையை அங்கே கொண்டுபோனேன். கமிட்டியில் எத்தனை பேர் இருப்பார்கள், அந்தக் காகிதம் எத்தனை கை மாறும், அதில் ஒருவராவது 1956ஐக் கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டாரா?

"சரிதாம்மா. சரியான தேதிதான்" என்றேன்.

அவர் எழுந்து வாசல் வரை வந்து வழியனுப்பினார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டலில் இலையில் சோறு போட்டார்கள். ஒரு வாய்க்கு மேல் இறங்கவில்லை.

1979இல் அந்த மேற்படிப்பை முடித்த ஒரு பெண் என் மகளுக்கு மேலதிகாரியாக வந்தாள். எட்டு வயது இளையவள். அவள் வார்டுக்குள் வரும்போதெல்லாம் என் மகள் எழுந்து நிற்கிறாள் என்று என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். சாயம் போடுகிறவர்களுடைய கைக்கு இன்றும் அதே களிம்புதான்.

விண்ணப்பம், நகல், வக்கீல், பஸ்ஸுக்குப் போக வர, சாப்பிடாமல் வைத்துவிட்டு வந்த அந்தச் சாப்பாடு, எல்லாம் சேர்த்து எனக்கு ஆன செலவு முப்பத்தொன்பது ரூபாய் இருபத்தைந்து காசு.