இல்லாத வீட்டின் எதிர் வாசல்

ஹாம்பர்க்கில் யாரிடமும் “ஒரு நாள் வீட்டுக்கு வாங்க” என்று சொல்லிவிடக் கூடாது. பக்கத்து வீட்டு இங்க்ரிட்டிடம் மரியாதைக்குச் சொல்லிவைத்தேன். அவர் உடனே கைப்பையிலிருந்து டைரியை எடுத்து, “எந்த நாள்?” என்றார். நான் சிரித்தேன், அவர் பேனாவைத் திறந்தார். வாய்க்கு வந்த ஒரு வியாழக்கிழமையைச் சொன்னேன், அன்றே மறந்தும் போனேன். மூன்று வாரம் கழித்து, சரியாக நான்கு மணிக்கு, பூந்தொட்டியோடு வந்து நிற்கிறார். நான் நைட்டியில், தலை நிறைய எண்ணெயோடு. எங்கள் மேற்கு மாம்பலத்தில் கூப்பிடாமல் வருவார்கள். கூப்பிட்டோம் என்பதற்காக யாராவது வந்துவிடுவார்களா?

தேதி இல்லாத திட்டங்கள்தான் எனக்குப் பழக்கம். நானும் சைதாப்பேட்டை மும்தாஜும் நந்தனத்தில் ஒரே அலுவலகத்தில் எதிரெதிர் மேசை. ரிட்டயர் ஆனதும் எதிரெதிர் வாசலோடு இரண்டு ஃப்ளாட் வாங்கிக் குடியிருப்பது என்று ஒரு மதியச் சாப்பாட்டின்போது முடிவெடுத்தோம். அப்புறம் கணவரின் வேலைக்காக நான் இங்கே வந்து பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. வீடு மட்டும் ஞாயிறுதோறும் வாட்ஸ்அப்பில் வளர்ந்துகொண்டே இருந்தது. மாம்பலமா சைதாப்பேட்டையா என்பதற்கே இரண்டு வருடம் பிடித்தது. கடைசியில் மாம்பலம் ஜெயித்தது. வாசலுக்கு நடுவில் செருப்பு ஸ்டாண்டு வைப்பேன் என்று நான் சொல்ல, அங்கே தன் பூனை படுக்கும் என்று அவள் சொல்ல, இரண்டு வாரம் பேச்சே இல்லை. பூனையும் கிடையாது, வாசலும் கிடையாது என்பது இருவருக்கும் தெரியும். பழைய ஆபீஸ் கதைகள் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். அந்த மேனேஜரை எத்தனை முறைதான் திட்டுவது? வீடு தீரவில்லை. நாங்கள் தோழிகளாகவே இருந்தது அதனால்தான் என்று நினைக்கிறேன்.

போன ஞாயிறு பயந்துகொண்டேதான் அவளைக் கூப்பிட்டேன். இங்கே என் மகளுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது, நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்கிறாள். இந்த ஊரிலேயே இருந்துவிடுவது என்று முடிவாகிவிட்டது. அதைச் சொல்லிவிட்டால் மும்தாஜும் நானும் பேசுவதற்கு என்ன மிஞ்சும்? மனதைத் திடப்படுத்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அவள் தெருவில் யாரோ கூவி விற்கிற குரல் மட்டும் கேட்டது.

“இன்னாடி, அப்போ நீ வரமாட்ட. அவ்ளோதானே?” என்றாள்.

“வர முடியாதுடி.”

“சரி, வுடு. நீதான் இல்லியே, உன் பால்கனில நான் துணி காயப் போட்டுக்கறேன்.”

“அதெல்லாம் முடியாது! அங்க நான் ஊஞ்சல் போடப்போறேன்” என்று கத்திவிட்டேன்.

“இப்பத்தானே வரமாட்டேன்னே?”

“வரமாட்டேன். ஆனா ஊஞ்சல் இருக்கும்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பிறகு, “எந்தப் பக்கம் பாத்து போடுவ?” என்று கேட்டாள்.

ஜன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மாம்பலத்துச் சாயங்கால வெயில் முகத்தில் அடிக்குமே என்று யோசித்து, “கிழக்குப் பக்கம்” என்றேன்.