இருநூறு கிராம் சிவப்பு அரிசி

சாயம் போட்ட அரிசி காய்ந்த பிறகும் கையில் ஒரு புளிப்பு வாசனை நிற்கும்... இரண்டு வருடத்துக்கு முன், கிள்ளானில் எங்கள் பள்ளி மண்டபத்தில், அந்தக் கையோடுதான் திருதிருவென முழித்துக்கொண்டிருந்தேன்.

தீபாவளிக் கோலப் போட்டி. எல்லாக் குழுவும் மயில், விளக்கு. எங்கள் குழுத் தலைவி தர்ஷினிக்கு மட்டும் பிரபஞ்சம்!

பிரபஞ்சத்தில் எந்தத் தனிமம் எவ்வளவோ, கோலத்திலும் அந்த நிறம் அவ்வளவுதானாம். பத்து கிலோ அரிசியில் ஏறக்குறைய முக்கால் பங்கு நீலம், அது ஹைட்ரஜன். கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக மஞ்சள், ஹீலியம். ஆக்சிஜன், கார்பன், இரும்பு, தங்கம்... மீதி அத்தனைக்கும் சேர்த்து இருநூறு கிராம் சிவப்பு. ஒரே பாக்கெட்.

"இவ்ளோதானா? பிரபஞ்சம் ரொம்ப கஞ்சம் லா!" என்றேன்.

"உன் மூளையும் அதுக்குள்ளதான் இருக்கு. பத்திரமா வச்சிரு," என்று என்னிடமே கொடுத்தாள்.

என்னை நம்பி யாரும் எதையும் கொடுத்ததில்லை.

நான் என்ன செய்தேன்? அதை நீல வாளிக்குள் ஆழமாகப் புதைத்தேன். அவள் பதறும்போது மாயாஜாலம் மாதிரி எடுத்துக் காட்டலாம் என்று. இழுத்தால்... பிளாஸ்டிக் கிழிந்தது. சிவப்பு முழுவதும் நீலத்துக்குள் காணாமல் போனது. நடுவர் வர இருபது நிமிடம்.

"தர்ஷி... நான்தான்."

அவள் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு காலிக் கப்பை நீட்டினாள். "போய்க் கேளு."

மற்ற குழுக்களிடம். அதாவது, நான் ஏற்கெனவே வம்பிழுத்த அத்தனை பேரிடமும்!

"மச்சான், போன வாரம் என் பேக்ல தவளை போட்டது யாரு? போ லா!" என்றான் குமரன். கெஞ்சினேன். அவன் மயிலின் சிவப்புக் கழுத்திலிருந்து இரண்டு சிட்டிகை கிடைத்தது. அடுத்த குழுவில் இன்னும் கொஞ்சம்... கப் பாதிகூட நிறையவில்லை.

அவள் தூவி முடிக்கவும் நடுவர் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

"நல்லா இருக்கு. ஆனா ரெண்டே கலர் மாதிரி தெரியுதேமா?"

"பிரபஞ்சமும் அப்படித்தான் சார்."

பரிசு வரவில்லை. மறுநாள் வகுப்பில் அவள் வழக்கம்போல என் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் பேனா பாக்ஸை மட்டும் எனக்கு எட்டாத பக்கம் நகர்த்தி வைத்தாள்.

இப்போது வேறு பள்ளிக்கு மாறி, ஷா ஆலமில் ஹாஸ்டலில் இருக்கிறாள். மெசேஜ் போட்டால் ப்ளூ டிக் விழுகிறது. பதில் சில சமயம் அன்றே, சில சமயம் ஒரு வாரம் கழித்து...

அந்த ஒரு வாரமும் வகுப்பில் காலியான பக்கத்து நாற்காலியைப் பார்த்துக்கொண்டே, நான் மறுபடி எதையோ கிழித்துவிட்டேனோ என்று யோசித்துக்கொண்டிருப்பேன்.